ஏட்டில் 750 கிலோ

2005 மே மாதம் டாட்டா ஏஸ் விற்பனைக்கு வந்தது. இரண்டு சிலிண்டர், 702 சி.சி., 16 குதிரைத்திறன். ஏற்றக்கூடிய சுமை 750 கிலோ. வண்டியும் சுமையும் சேர்ந்து 1,550 கிலோ. கம்பெனித் தாளில் இவ்வளவுதான் இருந்தது. அந்த வண்டிக்குக் குட்டி யானை என்று பேர் வைத்த தெக்கத்தி ஜனங்கள் தாளைப் பார்த்து வைக்கவில்லை. அது தூக்குவதைப் பார்த்து வைத்தார்கள். இன்று எட்டயபுரத்திலோ விளாத்திகுளத்திலோ ஒருவர் சின்ன லோடு வண்டி வாங்கப் போனால், “எவ்வளவு ஏத்தலாம்?” என்று விற்பனையாளரிடம் கேட்கமாட்டார். ஏற்கெனவே அந்த வண்டி வைத்திருக்கும் மாமாவிடமோ மச்சானிடமோ, “எவ்வளவு தாங்குது?” என்று கேட்பார். இரண்டு கேள்விக்கும் வரும் பதில்களுக்கு நடுவில் சில நூறு கிலோ வித்தியாசம் இருக்கிறது. அந்தச் சில நூறு கிலோவைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

சுமை வண்டியின் திறன் பற்றிய விளம்பரத்துக்கும் அதன் உண்மையான எல்லைக்கும் உள்ள இடைவெளி உலகம் முழுக்க இருக்கும் சங்கதி. ஆனால் அமெரிக்காவில் அது ஒரு திசையிலும் நம் ஊரில் நேர் எதிர்த் திசையிலும் போகிறது. அங்கே விளம்பரத்தில் எண் பெரிது, வாங்கியவர் கையில் சிறிது. இங்கே தாளில் சிறிது, தெருவில் பெரிது. இந்த வேற்றுமையைக் கவனிக்காமல் வெளிநாட்டுக் கட்டுரைகளைப் படித்துவிட்டு, “கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான்” என்று இங்கே முடிவுகட்டினால் பாதி உண்மைதான் கிடைக்கும்.

அமெரிக்கக் கதையை முதலில் பார்த்துவிடலாம். அங்கே பிக்கப் வண்டியை விற்பது அதன் இழுவைத் திறன். பின்னால் படகோ வீட்டு வண்டியோ குதிரைப் பெட்டியோ மாட்டி இழுப்பது அவர்கள் வழக்கம். வெகுகாலம் ஒவ்வொரு கம்பெனியும் தன் இழுவை எண்ணைத் தானே அளந்து தானே அறிவித்துக்கொண்டது. பக்கத்துக் கம்பெனி 10,000 பவுண்டு என்றால் இவர் 10,100 என்பார். இந்தப் போட்டி எல்லை மீறிப்போய், 2008-இல் வாகனப் பொறியாளர் சங்கம் ஜே2807 என்ற பொது அளவுகோலை வெளியிட்டது. அதில் உள்ள சோதனைகளில் பேர்பெற்றது டேவிஸ் அணை ஏற்றம். அரிசோனாவில் ஏறத்தாழ 18 கிலோமீட்டர் நீளமுள்ள மேடு. வெளியே 38 டிகிரி வெயில், உள்ளே ஏ.சி. முழுவேகத்தில், பின்னால் முழுச் சுமை. இந்த நிலையில் குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போகாமல், எஞ்சின் கொதிக்காமல் மேலே ஏற வேண்டும். சரிவில் கை பிரேக் பிடித்து நிற்கவும் வேண்டும். டொயோட்டாதான் முதலில் இதற்கு ஒப்புக்கொண்டது. 2011-ஆம் ஆண்டு மாடலுக்கு இந்த முறையில் அளந்தபோது அதன் டண்ட்ரா வண்டியின் இழுவை எண் கீழிறங்கியது. வண்டி மாறவில்லை, அளவுகோல்தான் மாறியது. மற்றப் பெரிய கம்பெனிகள் வந்து சேர இன்னும் சில வருஷம் ஆயிற்று.

அதே டொயோட்டா, 2012 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் எண்டவர் விண்வெளி ஓடத்தை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனபோது, ஒரு பாலத்தின் மேல் டண்ட்ராவை வைத்து அதை இழுத்துக் காட்டியது. 130 டன்னுக்கு மேற்பட்ட எடை. அந்த வண்டிக்குத் தாளில் இருந்த இழுவை எல்லை ஏறக்குறைய நாலரை டன். இதற்கு ஆறு வருஷம் முன்னால் ஃபோக்ஸ்வேகன் கம்பெனியின் டுவாரெக் கார் இங்கிலாந்தில் 155 டன் போயிங் விமானத்தை இழுத்தது. சக்கரம் வழுக்காமலிருக்க அந்தக் காரின் எடையையே ஏழு டன் அளவுக்குக் கூட்டியிருந்தார்கள்.

இதில் பொய் எதுவும் இல்லை. வண்டி உண்மையிலேயே இழுத்தது. சமதரையில், நல்ல பாதையில், நடக்கும் வேகத்தில் உருளும் சக்கரத்தை நகர்த்த அதன் எடையில் நூற்றில் ஒரு பங்கு விசை இருந்தால் போதும். 130 டன்னுக்கு ஒன்றே கால் டன் சொச்சம். அதுவே இருபதுக்கு ஒன்று என்ற ஏற்றமாக இருந்தால் இன்னும் ஆறரை டன் விசை கூடுதலாக வேண்டும். அதுவே இறக்கமாக இருந்தால்? விளம்பரப் படம் எடுப்பவர் யாரும் அந்தக் கேள்விப் பக்கம் போவதில்லை. கனத்தை நகர்த்துவது ஒரு வேலை, நகர்ந்த கனத்தை நிறுத்துவது வேறு வேலை. விளம்பரம் முதல் வேலையைக் காட்டும், எல்லை இரண்டாவது வேலையைப் பொறுத்தது.

ஆஸ்திரேலியாவில் வாழும் நம்மவர்களுக்கு இன்னொரு நுட்பம் பழக்கமாயிருக்கும். அங்கே இரட்டைக் கேபின் பிக்கப் பலவும் 3,500 கிலோ இழுக்கும் என்றே விற்கின்றன. ஆனால் வண்டி, அதன் சுமை, பின்னால் வரும் டிரெய்லர் மூன்றும் சேர்ந்து ஒரு மொத்த எல்லை உண்டு. முந்தைய தலைமுறை ஃபோர்டு ரேஞ்சருக்கு அது 6,000 கிலோ. வண்டி தனியாக 3,200 கிலோ வரை நிற்கலாம், டிரெய்லர் தனியாக 3,500 கிலோ வரை நிற்கலாம், இரண்டையும் கூட்டினால் 6,700. அதாவது முழு டிரெய்லரை மாட்டிய நாளில் வண்டி 2,500 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. வெறும் வண்டியே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். குடும்பம் ஏறி உட்கார்ந்தால் குளிர்பெட்டிக்கு இடமிருக்காது. இரண்டு எண்களும் தனித்தனியே உண்மை, ஒன்றாகச் சேர்ந்தால் மட்டும் உண்மையில்லை. விளம்பரக் கலையில் இதைவிட நேர்த்தியான வேலை குறைவு.

நம் ஊர் வேறு. இங்கே இழுவைத் திறன் விளம்பரத்தில் வருவதே அபூர்வம். சுமை எண்தான் வரும். அந்த எண்ணும் அடக்கமாகவே வரும். அதற்குக் கம்பெனியின் பணிவு காரணமல்ல, மோட்டார் வாகனச் சட்டம் காரணம். 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 66-ஆவது பிரிவுப்படி, மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வாகனத்துக்குப் பெர்மிட் தேவையில்லை. ஆகவே மொத்த எடையை 3,000-க்கு ஓர் இழை கீழே நிறுத்திய பிக்கப்கள் சந்தையில் வரிசைகட்டி நிற்கின்றன. ஓட்டுநர் உரிமத்தில் இன்னொரு கோடு 7,500 கிலோவில் இருக்கிறது. அதுவரை சாதாரண இலகுரக உரிமம் போதும் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னது, 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வு அதை உறுதிசெய்தது. இப்படி ஒவ்வொரு கோட்டுக்கும் கீழே வண்டிகள் குவிகின்றன. ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கும் எடை அச்சின் பலத்தை மட்டும் பார்த்து எழுதியதல்ல. எந்த வகையில் அடங்கினால் எந்தத் தொந்தரவு இல்லை என்ற கணக்கும் அதில் கலந்திருக்கிறது.

வாங்குகிறவருக்கு இது நன்றாகத் தெரியும். அவர் அந்த எண்ணை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளாமல் சர்க்கார் சம்பிரதாயமாக எடுத்துக்கொள்கிறார். அதற்கு மேல் எவ்வளவு என்பதே அவருக்கு உண்மையான கேள்வி. ஆனால் சம்பிரதாயக் கணக்கும் பொறியியல் கணக்கும் ஒரே எண்ணுக்குள் இருக்கும்போது, எதுவரை சம்பிரதாயம், எங்கிருந்து ஆபத்து என்று வெளியிலிருந்து பிரித்துச் சொல்ல வழியில்லை. கம்பெனியும் சொல்லாது. சொன்னால் அதுவே ஓவர்லோடுக்குக் கொடுத்த சிபாரிசுக் கடிதம் ஆகிவிடும்.

இனி எட்டயபுரத்துச் சுமைகளைப் பார்ப்போம். ஒரே வண்டி, ஒரே 750 கிலோ. சரக்கு மாறினால் எல்லையே இடம் மாறும்.

சனிக்கிழமை ஆட்டுச்சந்தை. தென் மாவட்டங்களில் பேர்பெற்றது. தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முந்தின வாரங்களில் விடியுமுன்பே ரோட்டோரம் லோடு வண்டிகள் நிறைந்துவிடும். விலை படிந்ததும் ஆட்டின் கொம்பையோ முன்னங்காலையோ பிடித்துத் தூக்கி உள்ளே விடுவார்கள். பின்கதவுக்கு மேலே தட்டி வைத்துக் கயிறு கட்டுவார்கள். குட்டி யானையின் தளம் 7.2 அடிக்கு 4.9 அடி, சதுர மீட்டர் கணக்கில் மூன்றே கால் சொச்சம். ஆடு ஒன்றுக்கு முப்பது கிலோ என்று வைத்தால் எடைக் கணக்குப்படி 25 ஆடு ஏற்றலாம். ஆனால் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2016 ஜனவரி முதல் நடப்பில் உள்ள 125-ஈ விதி, ஆடு ஒன்றுக்கு 0.3 சதுர மீட்டர் தனித்தடுப்பு வேண்டும் என்கிறது. அந்தக் கணக்கில் பத்து ஆடுதான் கொள்ளும். எடைமேடையில் ஏற்றினால் பிழையில்லாத வண்டி, அளவுநாடா வைத்தால் இரண்டரை மடங்கு குற்றவாளி. சந்தையில் தனித்தடுப்புப் போட்ட வண்டியைத் தேடினால் பொழுது போய்விடும்.

உப்பு இதற்கு எதிர்ப்பக்கம். தூத்துக்குடி, வேப்பலோடை, தருவைகுளம் பக்கத்து அளங்களிலிருந்து வரும் கல்லுப்பு ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1.2 டன் இருக்கும். குட்டி யானையின் பக்கப் பலகை ஓரடி உயரம். அதில் ஏழரை அங்குலத்துக்கு உப்பு நிரப்பினால் 750 கிலோ முடிந்துவிட்டது. பார்ப்பவர் கண்ணுக்கு வண்டி இன்னும் நிறையவில்லை. பலகை மட்டத்துக்கு நிரப்பினாலே 400 கிலோவுக்கு மேல் கூடிவிடும். குவித்தால் கேட்கவே வேண்டாம். 50 கிலோ மூட்டை என்றால் கணக்கு எளிது, பதினைந்து மூட்டை. பதினைந்து மூட்டையை அடுக்கிவிட்டு மிச்ச இடத்தைக் காலியாக விட்டுப் புறப்படும் லோடுமேன் எங்கே இருக்கிறார்?

தீப்பெட்டியோ இடத்தைத்தான் அடைக்கும். 600 பெட்டி கொண்ட பண்டல்களைக் கேபினுக்கு மேலே இரண்டாள் உயரம் அடுக்கித் தார்ப்பாய் போட்டுக் கட்டினாலும் எடை எல்லைக்குள் நிற்கும். கோவில்பட்டி வட்டாரத்துத் தொழிலுக்கு இந்தச் சின்ன வண்டிகள் தோதாக அமைந்ததற்கு இது ஒரு காரணம். சீமைக்கருவேல விறகுக்கரியும் இந்த இனம். எடையில் தப்பித்தாலும் உயரத்தில் மாட்டும். கரிசல்காட்டு ரோட்டில் குறுக்கே அடிக்கும் மேகாற்றில் உயரமான லோடு எப்படி ஆடும் என்பதை ஆடி மாதம் ஓட்டியவர்கள் சொல்வார்கள். கம்பெனித் தாளில் காற்றுக்கு எண் கிடையாது.

750 கிலோவுக்குள் இன்னொரு கழிவும் உண்டு. கேபினில் உட்காரும் ஓட்டுநரும் உடன் வருபவரும் அந்த 1,550-க்குள் அடக்கம். பின்னால் போட்ட இரும்புக் கிராதி, மேல் கேரியர், தார்ப்பாய், கயிறு, கல் எல்லாம் அடக்கம். கூட்டிப் பார்த்தால் சரக்குக்கு 550 கிலோ மிஞ்சினால் அதிகம்.

சரி, ஓவர்லோடு ஏற்றினால் வண்டி படுத்துவிடுகிறதா? இல்லை. அதுதான் சிக்கல். முதல் நாள் ஒன்றும் ஆகாது. நூறாவது நாளும் ஒன்றும் ஆகாது. உலோகம் சலிப்பது மெதுவாக நடக்கும். அது நடந்துகொண்டிருக்கும் வரை உரிமையாளரின் அனுபவம், “தாங்குது” என்றே சொல்லும். அனுபவத்தை நம்புவது நல்ல பழக்கந்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அனுபவம் கடைசி நாள்வரை தப்பாகவே சொல்லும்.

வண்டி தாழ்கிறது என்று கண்டதும் செய்யும் முதல் வைத்தியம் பட்டறையில் நடக்கும். பின் அச்சின் யு-போல்ட்டைக் கழற்றி, ஸ்பிரிங் கட்டில் ஒன்றோ இரண்டோ பட்டை கூடுதலாகச் சேர்த்து மறுபடி முடுக்குவார்கள். கூடவே பிளை கூடிய டயர். அன்று சாயங்காலமே வண்டி நிமிர்ந்து நிற்கும். உரிமையாளருக்குத் திருப்தி.

இங்கே அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு சின்னச் சாமானைக் காட்ட வேண்டும். பல பிக்கப்களில் பின் அச்சுக்கும் சேஸிக்கும் நடுவே ஒரு கம்பியும் அதன் முனையில் ஒரு வால்வும் இருக்கும். சுமை ஏறினால் சேஸி தாழும், கம்பி சாயும், வால்வு திறந்து பின் சக்கரத்துக்கு அதிகப் பிரேக் அழுத்தம் அனுப்பும். வண்டி காலியாக இருந்தால் சேஸி உயர்ந்து நிற்கும், வால்வு அழுத்தத்தைக் குறைக்கும். காலி வண்டியில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமலிருக்க இந்த ஏற்பாடு. இப்போது பட்டை சேர்த்த வண்டியை யோசித்துப் பாருங்கள். ஒன்றரை டன் ஏறியும் சேஸி தாழவில்லை. வால்வுக்குத் தெரிந்ததெல்லாம் சேஸியின் உயரம்தான். வண்டி காலி என்று அது நினைத்துக்கொள்கிறது. பின் பிரேக்கைக் குறைக்கிறது. அதிகச் சுமை ஏற்றிய நாளில்தான் பிரேக் மிகக் குறைவாகக் கிடைக்கிறது. காசு கொடுத்து நாமே செய்துகொண்ட வேலை இது. இந்த வால்வைப் பற்றிப் பட்டறையில் யாரும் எச்சரிப்பதில்லை, ஷோரூமிலும் சொல்லிக்கொடுப்பதில்லை.

எடை கூடினால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தியும் அதே விகிதத்தில் கூடும். மூன்று டன் வண்டி நான்கு டன் ஆனால் மூன்றில் ஒரு பங்கு அதிகம். வேகம் 60-லிருந்து 80-க்குப் போனால் தனியாக 78 சதவீதம் அதிகம். இரண்டும் சேர்ந்தால் இரண்டேகால் மடங்கைத் தாண்டும். அவ்வளவும் சூடாக மாறி டிரம்மில் இறங்க வேண்டும். டிரம் சூடேறினால் பிடிப்பு குறையும். எட்டயபுரத்தைச் சுற்றி இது தெரியாமலே வருஷக்கணக்கில் ஓட்டலாம். ஏனென்றால் கரிசல் பூமி சமதரை. மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் மேம்பாலச் சரிவைவிட்டால் இறக்கம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அதே வண்டி அதே லோடோடு செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வழியாகக் கேரளாவுக்குள் இறங்கும்போது கதை மாறும். சமதரையில் சம்பாதித்த தைரியத்தை மலைப்பாதையில் செலவழிக்கிறார்கள்.

எஃப்.சி. காட்டும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் பிரேக்கைச் சோதிக்கத்தானே செய்கிறார் என்று கேட்கலாம். சோதிக்கிறார், வெறும் வண்டியில். முழு லோடில் எப்படி நிற்கிறது என்று பார்க்கும் ஏற்பாடு அங்கே இல்லை. தவிர, எஃப்.சி.க்குப் போகும் முன்பு கூடுதல் பட்டைகளைக் கழற்றி வைத்துவிட்டு, வந்ததும் மாட்டிக்கொள்வதும் ஊரறிந்த வழக்கம்.

இந்த இடத்தில் ஒரு பழைய விதியை நினைவுபடுத்தலாம். 1965-இல் மத்திய அரசு வண்டிமாடுகளுக்காக ஒரு விதித்தொகுப்பு போட்டது. வண்டிமாடு, பொதிமாடு வதைத் தடுப்பு விதிகள். அதில் மாட்டின் பருமனுக்கும் சக்கரத்தின் வகைக்கும் ஏற்ப இழுவைச் சுமை நிர்ணயித்திருக்கிறது. அதோடு நிற்கவில்லை. வழியில் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத ஏற்றம் இருந்து, அதுவும் முப்பது மீட்டருக்கு மூன்று மீட்டருக்கு மேல் உயர்ந்தால், சுமையைப் பாதியாக்க வேண்டும். வெயில் 37 டிகிரியைத் தாண்டினால் பகல் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை பூட்டக்கூடாது. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. ஏற்றம், வெயில், நேரம் மூன்றையும் கணக்கில் எடுத்த இழுவை எல்லை! அமெரிக்கப் பிக்கப் கம்பெனிகள் மேட்டையும் 38 டிகிரி வெயிலையும் பொதுச் சோதனையில் சேர்க்க இன்னும் நாற்பத்துமூன்று வருஷம் ஆயிற்று. நம் பிக்கப் தாளில் இன்றைக்கும் எவ்வளவு செங்குத்தான மேட்டில் ஏறும் என்று ஓர் எண் இருக்கும். எவ்வளவு நீளமான இறக்கத்தில் எவ்வளவு சுமையோடு இறங்கலாம் என்று இருக்காது. அந்த மாட்டுவண்டி விதியை யார் மதித்தார்கள் என்று கேட்டால் அது வேறு கதை. எழுதியவர்கள் மாடு களைக்கும் என்று தெரிந்து எழுதினார்கள், அதைத்தான் சொல்ல வந்தேன்.

தண்டனைப் பக்கம் போனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆவது பிரிவு. 2019 செப்டம்பர் முதல் தேதிக்கு முன்பு ஓவர்லோடுக்கு 2,000 ரூபாயும் கூடுதல் டன்னுக்கு 1,000 ரூபாயும் அபராதம். அதன்பின் 20,000 ரூபாயும் டன்னுக்கு 2,000 ரூபாயும். கூடுதல் சரக்கை அங்கேயே இறக்கவும் வேண்டும். அபராதம் கட்டிவிட்டால் அதே லோடோடு போகலாம் என்று சில மாநிலங்கள் வைத்திருந்த ஏற்பாட்டை உச்ச நீதிமன்றம் 2005 நவம்பரில் பரம்ஜித் பாசின் வழக்கில் சட்டவிரோதம் என்றது. சட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பத்து டன் அதிகம் ஏற்றிய டாரஸ் லாரிக்கும் 300 கிலோ அதிகம் ஏற்றிய குட்டி யானைக்கும் அடித்தொகை ஒன்றே என்பது நியாயமாகப் படவில்லை. மாதத் தவணை கட்டவே திணறும் ஒற்றை வண்டிக்காரருக்கு 20,000 என்பது கட்டக்கூடிய அபராதமில்லை. கட்ட முடியாத அபராதம் ரோட்டோரப் பேரமாகத்தான் முடியும்.

ஏற்றச் சொன்னவர் யார் என்ற கேள்வி அதைவிட முக்கியம். இந்தப் பக்கத்தில் சின்ன வண்டிக்கு வாடகை பெரும்பாலும் நடைக்குத்தான், கிலோவுக்கு இல்லை. கோவில்பட்டிக்கு ஒரு நடை இவ்வளவு என்று பேசிவிட்டால், அந்த ஒரு நடையில் எவ்வளவு திணிக்க முடியுமோ அவ்வளவும் சரக்குக்காரருக்கு லாபம். டயர், பட்டை, கிளட்ச், அபராதம் எல்லாம் வண்டிக்காரர் செலவு. “முடியாது” என்றால் பின்னால் இன்னொரு வண்டி தயாராக நிற்கும். சட்டத்தின் வாசகம் ஓட்டுபவரோடு நிற்கவில்லை. ஓட்டச் செய்பவரையும் ஓட்ட அனுமதிப்பவரையும் சேர்த்தே சொல்கிறது. ஆனாலும் ரோட்டில் மறிக்கும்போது ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருப்பவர்தான் கையில் கிடைக்கிறார். சரக்கை அனுப்பியவரின் பெயரிலும் அபராதம் எழுதத் தொடங்கினால், ஒரே மாதத்தில் பட்டறைகளில் பட்டை வியாபாரம் படுத்துவிடும் என்பது என் கணிப்பு.

விபத்தானால் காப்பீடும் முழுதாக வராது. உச்ச நீதிமன்றம் 2010-இல் அமலேந்து சாஹு வழக்கில் எடுத்துக்காட்டிய வழிகாட்டுதல்படி, அனுமதித்த அளவுக்கு மேல் ஏற்றிய வண்டியின் சேதத்துக்கு உரிய தொகையில் அதிகபட்சம் 75 சதவீதம்.

பெரிய லாரிகளுக்கு அரசு வேறு வழி கண்டது. 2018 ஜூலையில் எல்லையையே உயர்த்தியது. நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு 10.2 டன் என்பது 11.5 ஆனது. இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2-லிருந்து 18.5 ஆனது. தெருவில் நடப்பதைத் தாளில் ஏற்றிக்கொண்டார்கள் என்று சொல்லலாம். புதிய எஞ்சின், நல்ல டயர், நல்ல ரோடு என்று அதற்கு நியாயமும் சொன்னார்கள். ரோடு என்ன சொல்லும் என்பதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாரிகளை வட்டம் வட்டமாக ஓட்டிப் பார்த்ததில், ரோட்டுக்கு ஏற்படும் சேதம் அச்சு எடையின் ஏறக்குறைய நான்காம் படி அளவில் கூடுகிறது என்று கண்டார்கள். 10.2 டன் 11.5 ஆனால் எடை எட்டில் ஒரு பங்குதான் கூடுகிறது, சேதமோ 1.6 மடங்கு. நடை குறையும் என்பதைக் கழித்துப் பார்த்தாலும் ரோட்டுக்கு நஷ்டம்தான்.

இழுவை என்று எடுத்துக்கொண்டால் நம் ஊரின் உண்மையான இழுவை வண்டி டிராக்டர். உழவுக்கென்று வாங்கி, வருஷத்தில் பாதி நாள் டிரெய்லர் மாட்டி மக்காச்சோளம், விறகு, செங்கல், மணல் என்று ஏற்றி ஓடுகிறது. டிராக்டரின் பலம் குறைந்த வேகத்தில் நிலத்தைக் கிழிப்பதற்கானது. இழுக்கச் சொன்னால் எதையும் இழுக்கும். பின்னால் வரும் டிரெய்லருக்குப் பெரும்பாலும் சொந்தப் பிரேக் கிடையாது. நிறுத்துவது முழுக்க முன்னால் போகும் டிராக்டரின் பொறுப்பு. டிரெய்லரின் எடை டிராக்டரின் எடையைவிட இரண்டு மடங்கு மூன்று மடங்கு ஆகும்போது, திருப்பத்தில் பிரேக் போட்டால் பின்வண்டி முன்வண்டியைத் தள்ளித் திருகிவிடும். கயிறு கட்டிப் பழுதான வண்டியை இழுக்கும் பழக்கமும் இங்கே தாராளம். 1989-ஆம் ஆண்டுச் சாலை ஒழுங்குமுறைகள் இரு வண்டிக்கும் நடுவே ஐந்து மீட்டருக்கு மேல் கூடாது, மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேல் கூடாது என்று எழுதி வைத்தன. நான்குவழிச் சாலையில் அந்த வேகத்தில் போவதே ஆபத்து என்பது அந்த ஒழுங்குமுறைக்கு அப்போது தெரிந்திருக்க நியாயமில்லை.

எடையை ஒழுங்காக எடுக்க முடியும் என்பதற்கு உதாரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். தூத்துக்குடி துறைமுகம் இருக்கிறது. 2016 ஜூலை முதல், எடை சரிபார்த்த சான்று இல்லாத சரக்குப் பெட்டியைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்று உலகக் கடல்சார் பாதுகாப்பு உடன்படிக்கையில் விதி வந்தது. பொறுப்பு லாரிக்காரர்மேல் இல்லை, சரக்கை அனுப்புகிறவர்மேல். பெட்டியைப் பற்றித் தவறான எடை சொன்னால் கப்பல் அடுக்கு சாயும் என்று எல்லாருக்கும் தெரியும். நஷ்டம் பெரியவர்களுக்கு வரும். அதனால் விதி நடக்கிறது. அதே பெட்டிகளை ஏற்றிய டிரெய்லர்கள் எட்டயபுரம் வழியாக மதுரைக்கும் மதுரையிலிருந்து துறைமுகத்துக்கும் ஓடுகின்றன. பக்கத்திலேயே குட்டி யானையும் ஓடுகிறது. ஒன்றின் எடை கிலோ சுத்தமாகத் தெரியும், மற்றதன் எடை லோடுமேனின் கண்மதிப்பு.

இத்தனை கணக்கிலும் வராத ஒரு சுமை உண்டு. நடவுக்கும் களையெடுப்புக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் ஆட்களைச் சரக்கு வண்டியில் நிறுத்தி ஏற்றிப்போகிறார்கள். 2021 பிப்ரவரியில் மணியாச்சி அருகே விவசாயக் கூலிக்குப் போன பெண்களை ஏற்றிய சரக்கு வாகனம் கவிழ்ந்து ஐந்து பெண்கள் செத்துப்போனார்கள். பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை, உட்கார இருக்கை இல்லை, நிற்கும் மனிதர்களின் கனமெல்லாம் உயரத்தில். பதினைந்து பேர் என்றாலும் கிலோ கணக்கில் ஏறக்குறைய 750-தான். பஸ் வராத ஊரில் ஆறு மணிக்கு வேலைக்காட்டில் இருக்க வேண்டிய பெண்ணுக்கு வேறு வழி என்ன என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகம் தீர்க்க முடியாது.

இப்போது மின்சார வண்டிகள் வருகின்றன. டாட்டா ஏஸ் மின்வண்டி 2022-இல் 600 கிலோ சுமையோடு வந்தது, பிறகு 2024-இல் ஒரு டன் ஏற்றும் வகையும் வந்தது. 2025-இல் வந்த ஏஸ் புரோ மறுபடி 750 கிலோவில் நிற்கிறது. மின்வண்டி விளம்பரத்தில் இழுவையைவிட, ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் என்பதே பெரிய எழுத்தில் இருக்கும். முதல் மின் ஏஸுக்கு 154 கிலோமீட்டர் என்று சான்று வாங்கினார்கள். அந்த எண்ணும் ரோட்டில் குறையும், ஓவர்லோடு ஏற்றினால் இன்னும் குறையும். டீசல் வண்டியில் கூடுதல் 500 கிலோவின் செலவு மாதக் கடைசி டீசல் கணக்கில் கரைந்துபோகும், இல்லை இரண்டு வருஷம் கழித்துப் பட்டறை ரசீதில் வரும். மின்வண்டியில் அன்றைக்கே மீட்டரில் தெரியும். தூத்துக்குடிக்குப் போய்த் திரும்ப ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் ஆகும். பதினைந்து மூட்டை உப்பா இருபத்தைந்து மூட்டையா என்று அளத்தில் நின்று முடிவுசெய்கிறவருக்கு, திரும்பி வர சார்ஜ் போதுமா என்ற கேள்வி முதல்முறையாக வரும். சரக்குக்காரர் இன்னும் பத்து மூட்டை போடச் சொன்னால் வண்டிக்காரர் சட்டத்தைக் காட்ட வேண்டியதில்லை, மீட்டரைக் காட்டினால் போதும்.